பட்டறை வாசல்: பீம் எவ்வளவு நீளம்?

இந்த வாரம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். 2 வீல் டிரைவ் பிக்அப்பின் முன்பக்கத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு, சொந்தமாகப் பீம் செய்து மாட்டி, செம்பனைத் தோட்டத்துச் செம்மண் ரோட்டில் ஓட்ட ஆசைப்படுகிறார்கள் நம் பிள்ளைகள். மற்ற கேள்விகளை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிட்டேன். கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கே: அண்ணே, லேத் கடையில் வேலை செய்கிறேன். பழைய பிக்அப் ஒன்று இருக்கிறது. முன்னால் பீம் போட்டால் பறக்கலாம் என்கிறார்கள். பீம் என்றால் என்ன? (செனாய்)

ப: பறக்க எஞ்சின் போதும் தம்பி. தரையில் ஒழுங்காக இறங்கத்தான் பீம்.

பக்கத்துத் தோட்டத்தில் டிராக்டர் நிற்கும்போது முன்னால் போய்க் குனிந்து பாருங்கள். இரண்டு முன்சக்கரத்தையும் ஒரே இரும்புத் தண்டு சேர்த்துப் பிடித்திருக்கும். தண்டின் நடுவில் ஒரே ஒரு பின். ஸ்பிரிங்கும் கிடையாது, அப்சோர்பரும் கிடையாது. இடது சக்கரம் மேட்டில் ஏறினால் தண்டு சாயும். வலது சக்கரம் பள்ளத்தை விடாமல் தொட்டுக்கொண்டிருக்கும். நாம் பிறந்ததிலிருந்து பார்க்கிற பீம் அதுதான். லோரியில் நடுப் பின் இருக்காது. தண்டு இரண்டு பக்கமும் பட்டை ஸ்பிரிங்கோடு கட்டப்பட்டிருக்கும். பாரம் தாங்க அதை அடிக்க ஆள் இல்லை. ஆனால் ஒரு சக்கரம் கல்லில் ஏறினால் மற்றதும் சேர்ந்து சாயும், ஸ்டீயரிங் கையை உதறும்.

அந்த ஒரு தண்டை இரண்டாக்கி, ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனியாகக் கொடுத்தால் அதுதான் நீங்கள் கேட்கிற பீம்.

கே: இதைக் கண்டுபிடித்தது யார்? (கூலாய்)

ப: பிக்அப்பில் பெரிய அளவில் கொண்டுவந்தது ஃபோர்ட். 1965 மாடல் எஃப்-100 பிக்அப்பில் வந்தது. பெயர் ட்வின் ஐ-பீம்.

கைகட்டி நிற்கிற பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். வலது கை இடது விலாவைப் பிடித்திருக்கும், இடது கை வலது விலாவை. அதே மாதிரி இடது சக்கரத்தின் பீம் எஞ்சினுக்கு அடியில் ஓடி சேஸியின் வலது பக்கத்தில் புஷ் போட்டு மாட்டப்பட்டிருக்கும். வலது சக்கரத்தின் பீம் இடது பக்கத்தில். ஒன்று சற்று முன்னே, மற்றது சற்றுப் பின்னே, உரசாமல் கடந்து போகும். ஒவ்வொரு பீமிலிருந்தும் பின்னோக்கி ஒரு கை, ரேடியஸ் ஆர்ம், சேஸியில் போய் உட்காரும். பீமின் மேல் சுருள் ஸ்பிரிங். அவ்வளவுதான் கதை. ஒரு பக்கத்துக்கு இரண்டே புஷ். எண்ணி எண்ணி வியக்கிறேன், எவ்வளவு சிக்கனமான யோசனை! 1980-இல் இதே யோசனையை 4 வீல் டிரைவுக்கும் கொண்டுபோனார்கள். அங்கே டிஃபரன்ஷியலே ஒரு பீமின் மேல் சவாரி செய்யும்.

கே: என்னிடம் ஃபோர்ட் ரேஞ்சர் இருக்கிறது. அப்படியானால் எனக்குப் பீம் வந்துவிட்டதா? (ஸ்கூடாய்)

ப: பெயர் ஒன்று, பிறப்பு வேறு. அமெரிக்காவில் 1983 மாடலில் வந்த ரேஞ்சரில் ட்வின் ஐ-பீம் இருந்தது, 1997 மாடல் வரை. நம் பக்கம் வந்த முதல் ரேஞ்சர் மஸ்டாவோடு கூடப் பிறந்தது. 2011-க்குப் பிறகு வந்தது முற்றிலும் புதியது. இரண்டிலும் முன்னால் இரட்டை விஷ்போன்தான், அதாவது மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு கைகள் சக்கரத்தைப் பிடிக்கிற அமைப்பு. யூடியூபில் அமெரிக்க ரேஞ்சருக்கு விற்கிற பீம் கிட்டைப் பார்த்துவிட்டு பணத்தைக் கட்டிவிடாதீர்கள்.

கே: நண்பர்கள் எல்லாரும் “பீம் நீளமாக இருந்தால்தான் கெத்து” என்கிறார்கள். நீளத்தில் என்ன இருக்கிறது? (ஸ்கூடாய்)

ப: உங்கள் நண்பர்கள் சொன்னது சரி, காரணம் வேறு. வாய்ப்பேச்சை விட்டு, ஒரு காகிதமும் பென்சிலும் எடுங்கள். இந்த வாரத்தின் முக்கியமான பதில் இதுதான்.

பீமின் ஒரு முனை சேஸியில் மாட்டியிருக்கிறது. மறுமுனையில் சக்கரம். சக்கரம் மேலே கீழே போவது நேர்கோட்டில் இல்லை, கவராயம் வரைவது போல வளைவில். சக்கரம் பீமோடு இறுகப் பிடிக்கப்பட்டிருப்பதால், பீம் எத்தனை பாகை சாய்கிறதோ சக்கரமும் அத்தனை பாகை சாயும். இந்தச் சாய்வுதான் கேம்பர். மேலே ஏறும்போது சக்கரத்தின் தலை உள்ளே சாயும், கீழே தொங்கும்போது வெளியே சாயும்.

கணக்கு: மாட்டிய புஷ்ஷிலிருந்து சக்கரம் வரை 100 செ.மீ. என்று வையுங்கள். சக்கரம் 10 செ.மீ. ஏறினால் சாய்வு ஏறக்குறைய 5.7 பாகை. 25 செ.மீ. ஏறினால் 14.5 பாகை. பீமை 120 செ.மீ. ஆக்கிவிட்டால் அதே 10 செ.மீ.க்கு 4.8 பாகை, 25 செ.மீ.க்கு 12 பாகை. பார்க்கச் சின்ன வித்தியாசம்தான். டயரின் முழு அகலமும் மண்ணைப் பிடிக்கிறதா, ஓர விளிம்பு மட்டும் பிடிக்கிறதா என்பதை அந்தச் சின்ன வித்தியாசம்தான் முடிவு செய்கிறது. அதனால்தான் பீமை எதிர்ப்பக்கத்தில் கொண்டுபோய் மாட்டினார்கள். அதே பக்கத்தில் மாட்டியிருந்தால் நீளம் பாதியாகியிருக்கும், சாய்வு இரட்டிப்பாகியிருக்கும்.

இன்னும் நீட்டலாமே என்றால், எஞ்சின் குறுக்கே இருக்கிறது. இரண்டு சக்கரமும் ஒரே நேரத்தில் மேலே ஏறும்போது பீம்கள் இரண்டும் ஆயில் பானை நோக்கி எழும். நீளத்துக்கு எல்லை போடுவது அந்த ஆயில் பான்தான்.

கே: உயரமான ஸ்பிரிங் மட்டும் போட்டு வண்டியைத் தூக்கிவிட்டால் போதாதா? (கோத்தா திங்கி)

ப: போதாது. மேலே உள்ள கணக்கைத் திருப்பிப் போடுங்கள். சேஸி 10 செ.மீ. உயர்ந்தால் சக்கரம் 10 செ.மீ. தொங்கியதற்குச் சமம். 100 செ.மீ. பீமில் சக்கரத்தின் தலை 5.7 பாகை வெளியே சாய்ந்து நிற்கும். நின்ற இடத்திலேயே டயர் வெளி ஓரத்தில் நிற்கிறது, ஓட்டினால் என்ன ஆகும்?

இரண்டு வழி உண்டு. ஒன்று, பீம் மாட்டுகிற பிராக்கெட்டை அதே அளவுக்குக் கீழே இறக்குவது. சுலபம், ஆனால் தரை இடைவெளி அங்கே குறையும், நீண்ட பிராக்கெட் சேஸியைப் பிடித்து முறுக்கும். இன்னொன்று, பீமையே வெட்டி, சாய்வைத் திருத்தி, மறுபடி வெல்டிங் செய்வது. நல்ல பட்டறைகள் செய்வது இரண்டாவது. அதற்கு வேண்டிய கை எல்லாரிடமும் இல்லை. வெல்டிங் பற்றிக் கீழே சொல்கிறேன்.

கே: ரேடியஸ் ஆர்மை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள் என்று போன மாதம் எழுதினீர்கள். ஏன்? (குளுவாங்)

ப: பீம் பக்கவாட்டில் வளைவு போடுகிறது, ரேடியஸ் ஆர்ம் முன்பின்னாக வளைவு போடுகிறது. ஆர்ம் 60 செ.மீ. என்றால், 25 செ.மீ. ஏற்றத்தில் சக்கரத்தின் காஸ்டர், அதாவது சக்கரம் திரும்புகிற அச்சின் முன்பின் சாய்வு, 20 பாகைக்கு மேல் மாறும். 120 செ.மீ. ஆக்கினால் 12 பாகையோடு நிற்கும். காஸ்டர் ஆடினால் ஸ்டீயரிங் ஒரு பள்ளத்தில் கனக்கும், அடுத்த மேட்டில் பறவை மாதிரி லேசாகிவிடும். பீமுக்குச் செலவு செய்த பணத்தில் பாதியை ஆர்முக்கும் ஒதுக்குங்கள்.

கே: பீம் போட்ட வண்டி மேட்டில் ஏறும்போதெல்லாம் ஸ்டீயரிங் தானாகத் திரும்புகிறது. ஃபோர்மேன் அலைன்மென்ட் செய்யச் சொன்னார். செய்தேன், சரியாகவில்லை. (கூலாய்)

ப: அலைன்மென்ட் செய்கிறவர் வண்டி நிற்கும்போது பார்க்கிறார். உங்கள் வண்டி ஓடும்போது தப்புச் செய்கிறது. குறை டை ராட்டில், அதாவது சக்கரத்தைத் திருப்புகிற கம்பியில் இருக்கிறது.

சக்கரம் ஏறி இறங்கும்போது பீமின் முனை ஒரு வளைவு போடுகிறது. டை ராட்டின் முனையும் ஒரு வளைவு போடுகிறது. இரண்டும் ஒரே வளைவாக இருந்தால் சக்கரம் நேராகவே இருக்கும். வேறு வேறாக இருந்தால் டை ராட் சக்கரத்தைப் பிடித்து இழுக்கும் அல்லது தள்ளும். பீம் நீண்டதாகி டை ராட் பழைய நீளத்திலேயே இருந்தால் இந்தத் தொல்லை நிச்சயம். டை ராட்டின் உள்முனை, கூடியவரை, பீம் மாட்டிய புஷ்ஷின் பக்கத்தில், அதே உயரத்தில் இருக்க வேண்டும். இதற்காகவே பெரிய பட்டறைகள் ஸ்டீயரிங் பாக்ஸிலிருந்து வருகிற இணைப்பை முழுதாக மாற்றி, நடுவில் ஊஞ்சல் மாதிரி ஆடுகிற கைகளை வைக்கிறார்கள்.

வீட்டிலேயே சோதிக்கலாம். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு சேஸியை ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஹப்பில் ஒரு நேரான அலுமினியச் சட்டத்தை போல்ட் போட்டுக் கட்டுங்கள். ஜாக்கால் சக்கரத்தை 2 செ.மீ. வீதம் ஏற்றுங்கள். ஒவ்வொரு முறையும் சட்டத்தின் முன்முனையும் பின்முனையும் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று தரையில் சாக்பீஸால் குறியுங்கள். கடைசியில் தரையைப் பார்த்தாலே எந்த உயரத்தில் சக்கரம் திரும்புகிறது என்று தெரிந்துவிடும். ஒரு மாலைப் பொழுது ஆகும். அந்த ஒரு மாலை, அலைன்மென்ட் கடைக்கு மூன்று நடையை மிச்சப்படுத்தும்.

கே: பழைய பீமை நானே வெட்டி வெல்டிங் செய்யலாமா? எனக்கு 5 வருட அனுபவம். கேட், கிரில் எல்லாம் செய்கிறேன். (செனாய்)

ப: உங்கள் கையை நம்புகிறேன். கேட்டும் பீமும் ஒன்று இல்லை. கேட் உடைந்தால் நாய் வெளியே போகும். பீம் உடைந்தால் சக்கரம் வெளியே போகும்.

கம்பெனி பீம் பெரும்பாலும் சூடாக்கிச் சம்மட்டியால் அடித்து உருவாக்கிய இரும்பு. அதில் கரி அதிகம். அப்படியே வைத்து வெல்டிங் அடித்தால் வெல்டிங் பட்டையின் பக்கத்து இரும்பு கண்ணாடி மாதிரி கடினமாகிவிடும். பிறகு ஒரு நாள் சத்தமில்லாமல் விரிசல் விடும். வெட்டுகிற இடத்தை முதலில் சூடாக்க வேண்டும், வெல்டிங் முடிந்ததும் மெதுவாக ஆறவிட வேண்டும், வெட்டின இடத்தின் மேல் தகடு போட்டு மூட வேண்டும். 7018 வெல்டிங் கம்பி பயன்படுத்துகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ஹைட்ரஜன் குறைந்த கம்பி என்பதுதான் அதன் பெருமை. நம் ஊர் ஈரக் காற்றில் திறந்த பெட்டியில் ஒரு வாரம் கிடந்தால் அந்தப் பெருமை போய்விடும். சூடான அடுப்புப் பெட்டியிலிருந்து எடுத்த கம்பிதான் வேண்டும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், கண்ணால் பார்த்தேன். போன வருடம் ஒரு பிள்ளை ஒரு கடையில் வெட்டித் திருத்திய பீமைக் கொண்டுவந்து காட்டினார். வெள்ளிக் காசு அடுக்கி வைத்த மாதிரி வெல்டிங், பார்க்க அவ்வளவு அழகு. சோதிப்போம் என்று சிவப்புச் சாயத்தை அடித்துப் பத்து நிமிடம் விட்டு, துணியால் துடைத்து, மேலே வெள்ளை மருந்தை அடித்தோம். அது காய்ந்துகொண்டிருக்கும்போதே வெல்டிங் பட்டையின் ஓரத்தில் ஒரு சிவப்பு நூல் எழும்பியது. நாலு விரல் நீளம். அந்தப் பிள்ளை அந்தப் பீமோடு மூன்று வாரம் ஓட்டியிருக்கிறார், பின் இருக்கையில் தங்கச்சியை வைத்துக்கொண்டு.

அந்தச் சாயம் மூன்று டப்பாவாக வருகிறது. பீமை மாட்டுவதற்கு முன் ஒரு தடவை, மாட்டி ஒரு மாதம் ஓட்டிய பிறகு ஒரு தடவை அடித்துப் பாருங்கள். பழையதை வெட்ட மனமில்லை என்றால் 6 மி.மீ. தகட்டில் பெட்டி மாதிரி புதுப் பீம் செய்யலாம். சாதாரண இரும்புத் தகடு வெல்டிங்குக்கு அடித்து உருவாக்கிய இரும்பைவிட எவ்வளவோ இணங்கிப் போகும்.

கே: என் மகன் வாசலில் வண்டியைத் தூக்கி வைத்துவிட்டு அடியில் படுத்துக்கொண்டு என்னவோ செய்கிறான். எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. அவனிடம் என்ன சொல்ல? (செனாய், ஓர் அம்மா)

ப: அம்மா, அவரைத் தடுக்க வேண்டாம், மூன்று விஷயம் மட்டும் கேளுங்கள். வண்டி ஜாக்கில் இல்லாமல் ஸ்டாண்டில் நிற்கிறதா? ஜாக் தூக்க மட்டும், தாங்கிப் பிடிக்க இரும்பு ஸ்டாண்ட்தான் வேண்டும். மண் தரையில் என்றால் ஸ்டாண்டுக்கு அடியில் கனமான பலகை இருக்கிறதா? மழை பெய்தால் நம் மண் எப்படி இளகும் என்று உங்களுக்குத் தெரியும். சுருள் ஸ்பிரிங்கைக் கழற்றும்போது அதை இறுக்கிப் பிடிக்கிற கருவி போட்டுத்தான் கழற்றுகிறாரா? அந்த ஸ்பிரிங் தெறித்தால் குண்டு மாதிரி.

மூன்றுக்கும் ஆமாம் என்றால் ஒரு டம்ளர் மைலோ கலக்கிக் கொடுத்துவிட்டுப் போய்த் தூங்குங்கள். ஒன்றுக்கு இல்லை என்றாலும் இந்தப் பக்கத்தை வெட்டி அவர் கையில் கொடுங்கள். தம்பி, நீங்களும் படிக்கிறீர்கள் என்றால்: சக்கரம் முழுதாகத் தொங்கும்போது பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்று பார்த்தீர்களா? பீமை நீட்டியவர்கள் மறக்கிற முதல் பொருள் அதுதான்.

கே: என் குழுவில் எல்லாரிடமும் 4 வீல் டிரைவ். என் 2 வீல் வண்டியைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். (பொந்தியான்)

ப: சிரிக்கிறவர்களிடம் ‘பிக் ஓலி’யின் கதையைச் சொல்லுங்கள். மெக்சிகோவின் பாஹா தீபகற்பத்தில் 1967-இல் தொடங்கிய ஓட்டம், இன்று பாஹா 1000 என்று உலகம் அழைப்பது. 1963-இல் இண்டியானாபோலிஸ் 500-ஐ வென்ற பார்னெல்லி ஜோன்ஸ், பில் ஸ்ட்ராப்பியோடு சேர்ந்து 1971-லும் 1972-லும் அதில் வென்றார். வண்டி ஃபோர்ட் பிரான்கோ, அதன் பெயர்தான் ‘பிக் ஓலி’. கடையில் விற்ற பிரான்கோ 4 வீல் டிரைவ். இவர்கள் ஓட்டியது பின்சக்கரம் மட்டும் இழுக்கிற வண்டி, முன்னால் ட்வின் ஐ-பீம். 2021-இல் ஏலத்துக்கு வந்தபோது 18 லட்சம் டாலருக்கு மேல் போனது.

முன்சக்கரத்துக்கு இழுவை இல்லாததே அங்கே வசதி. இழுக்கிற ஆக்ஸில் இல்லை என்றால் அதன் ஜாயிண்ட் இவ்வளவுதான் மடங்கும் என்ற தொல்லை இல்லை. முன்பக்கம் லேசாகும், சக்கரம் தாராளமாக ஏறி இறங்கும்.

ஆனால் உங்களிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். பாஹா காய்ந்த மணல், வேகமான அலை அலையான மேடு. நம்முடையது வழுக்கும் செம்மண், உங்கள் பொந்தியான் பக்கமோ கால் வைத்தால் உள்ளே போகிற கரிமண். 1997-இல் தொடங்கிய ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் போட்டியைப் பாருங்கள். மழைக்காலத்துக் காட்டுச் சேறு, அங்கே 4 வீல் டிரைவும் வின்ச்சும் இல்லாமல் ஒன்றும் நடக்காது. உங்கள் வண்டிக்கு ஏற்ற இடம் தோட்டத்து ரோடு. ஆசிய பசிபிக் ரேலியின் மலேசியச் சுற்று ஓடியது இதே ஜொகூர்ச் செம்பனைத் தோட்டச் சாலைகளில்தான். அந்த மண்ணில் 20, 25 செ.மீ. ஏற்ற இறக்கம் தாராளம். அதற்கு மேல் ஆசைப்படாமல் மிச்சப் பணத்தைப் பின் டயருக்கும் பின் டிஃபரன்ஷியலுக்கும் போடுங்கள்.

கே: புஷ்ஷுக்குப் பதில் இரும்பு உருண்டை ஜாயிண்ட் போடலாமா? பார்க்க அழகாக இருக்கிறது. (குளுவாங்)

ப: பாலைவனத்தில் அழகு. நம் சேற்றில் ஒரு மழைக்காலம் தாங்காது. மணலும் தண்ணீரும் உள்ளே போய் அரைத்துவிடும், பிறகு கடகட என்று ஆடும். ரப்பர் அல்லது பாலியூரித்தேன் புஷ் போட்டு, கிரீஸ் நிப்பிள் வையுங்கள்.

கே: இரட்டை விஷ்போன் இருக்கும்போது பீம் எதற்கு? (ஜொகூர் பாரு)

ப: நல்ல விஷ்போன் நல்ல பீமைவிடச் சாய்வைக் கட்டுப்படுத்தும், மறுக்கவில்லை. பாஹாவின் உச்ச வகுப்பு வண்டிகள் அந்தப் பக்கம் போய்விட்டன. ஆனால் விஷ்போனில் ஜாயிண்ட் அதிகம், அளவு பிசகினால் திருத்துவது கடினம். ஒரு வெல்டிங் மெஷினும் ஒரு லேத்தும் உள்ள பட்டறையில் ஒழுங்காகச் செய்து முடிக்கக்கூடியது பீம். என் ஓட்டு அதற்குத்தான்.

கே: இதையெல்லாம் செய்துவிட்டுச் செனாய் டவுனுக்குள் ஓட்டலாமா? (கூலாய்)

ப: ஒப்புதல் இல்லாமல் ஓட்டாதீர்கள். முன்பக்க அமைப்பையே மாற்றுவது பெயின்ட் மாற்றுகிற மாதிரி இல்லை. 1987-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் இருக்கிறது, வண்டி எப்படிக் கட்டப்பட வேண்டும் என்று 1959-ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன. வெட்டுவதற்கு முன்பே ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) அலுவலகத்துக்கு வரைபடத்தோடு போய்க் கேளுங்கள், பரிசோதனைக்கு என்ன கேட்பார்கள் என்று எழுதி வாங்குங்கள். ஒப்புதல் இல்லாத மாற்றத்தோடு யாரையாவது இடித்தால், காப்புறுதி கைவிரிக்க நாமே காரணம் கொடுத்த மாதிரி. தோட்டத்துக்குள் மட்டும் ஓட்டுகிற வண்டி என்றால் லோரியில் ஏற்றிக் கொண்டுபோங்கள். தோட்ட நிர்வாகத்தின் அனுமதியும் வேண்டும். பழம் ஏற்ற வருகிற டிராக்டர் திருப்பத்தில் எதிரே வரும்.

கே: நீங்கள் முதலில் பார்த்த பீம் எது? (ஒரு பள்ளி மாணவி, கூலாய்)

ப: அப்பா ஓட்டிய தோட்டத்து டிராக்டர். ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த நடுப் பின்னுக்குக் கிரீஸ் அடிப்பது என் வேலை. பழைய கிரீஸ் கறுப்பாக, மண்ணோடு வெளியே பிதுங்கும். மஞ்சள் கிரீஸ் எட்டிப் பார்க்கிற வரை அடிக்கச் சொல்வார். பிறகு முன்சக்கரத்தைக் காலால் ஓர் உதை. சத்தம் வந்தால் “பின் பேசுது” என்பார், அன்றைக்கே கழற்றிவிடுவார். நீ இவ்வளவு தூரம் படித்திருக்கிறாயே, அளவெடுக்க ஆசை இருந்தால் பட்டறைக்கு வா அம்மா.

கே: அண்ணே, மறுபடி நான்தான், லேத் கடை. அளந்துவிட்டேன். புஷ்ஷிலிருந்து சக்கரம் வரை 97 செ.மீ. வருகிறது. வெட்டலாமா? (செனாய்)

ப: இன்னும் வேண்டாம். இரண்டு பக்கமும் முழுதாக ஏற்றி வைத்து, பீமுக்கும் ஆயில் பானுக்கும் நடுவே எத்தனை விரல் போகிறது என்று பார்த்து எழுதுங்கள். மூன்று விரல் போனால் 110 செ.மீ.க்கு வரைந்து பார்க்கலாம்.